கழற்றிய டிஸ்க்கைத் தேடி நின்றுபோகும் சர்வர்: லினக்ஸில் பழைய பதிவுகளை நீக்குவது எப்படி?

2023 டிசம்பர் 17, 18. இந்த இரண்டு தேதிகளையும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. நெல்லை சந்திப்பு பேருந்து நிலையம், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகம் எல்லாம் தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

அப்படி ஒரு வெள்ளம் வடிந்து, கரண்ட் திரும்பி வருகிற காலை நேரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். சர்வர் இருப்பது முதல் மாடியில். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. ஆபீஸ் பையன் பவர் பட்டனை அழுத்துகிறான். பிறகு சென்னையில் இருக்கும் சிஸ்டம் அட்மினுக்கு போன் போடுகிறான்.

“அண்ணே, லைட் எரியுது, ஃபேன் சுத்துது. ஆனா ஒரு ஃபைலும் வர மாட்டேங்கு.”

சென்னையிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் உள்ளே போகலாம் என்று பார்த்தால், அதுவும் கிடைக்கவில்லை. நேரில் வரலாம் என்றால் ரயில் ரத்து. மதர்போர்டு போயிருக்குமோ, டிஸ்க் செத்திருக்குமோ என்று ஆளுக்கொரு பயம். கடைசியில் காரணம் எது தெரியுமா? ஒரு வருஷத்துக்கு முன்பு கழற்றி அலமாரியில் வைத்த பேக்கப் டிஸ்க். டிஸ்க்கைக் கழற்றினார்கள், அதன் பெயர் இருந்த வரியை அழிக்கவில்லை.

இந்த ஆபீஸ் கற்பனைதான். ஆனால் லினக்ஸ் சர்வரோடு சில வருடம் குடித்தனம் நடத்திய யாரிடமும் கேட்டுப் பாருங்கள், இதே மாதிரி ஒரு காலை அவர்களுக்கும் இருந்திருக்கும்.

டிஸ்க் போனாலும் பெயர் போகாது

நம் ஊரில் தாத்தா இறந்து இருபது வருஷம் ஆகியிருக்கும், பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். நிலத்தை விற்கவோ லோன் வாங்கவோ போகிற அன்றைக்குத்தான் அது பிரச்சினையாகத் தெரியவரும். அதுவரை யாருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

லினக்ஸிலும் அதே கதை. ஒரு டிஸ்க்கைச் சேர்க்கும்போது அதன் பெயர் ஒரே இடத்தில் பதிவாவதில்லை. எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி இருக்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் எல்விஎம் அமைப்பு தன் கணக்கில் ஒன்று எழுதிவைத்திருக்கும். ரெய்டு இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. கெர்னல் தன் நினைவில் வைத்திருக்கும் பெயர் வேறு. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் கிரிப்ட்டேப் என்று இன்னொரு கோப்பு. டிஸ்க்கைக் கையால் உருவிவிட்டால் இவற்றில் பல தானாக அழியாது.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை இது வெளியே தெரியாது. ‘எங்க சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி 400 நாள் ஆச்சு’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால் கொஞ்சம் பயம்தான் வரும். 400 நாளாக யாரும் பரிசோதிக்காத பதிவுகள் உள்ளே கிடக்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். பரிசோதனை நடக்கப்போவது கரண்ட் போய் வருகிற நாளில்.

அந்த 90 விநாடி

சர்வர் எழும்பும்போது சிஸ்டம்டி என்ற நிர்வாகி எஃப்எஸ்டேப் கோப்பை வரிவரியாகப் படிக்கும். அதில் சொன்ன டிஸ்க் வரவில்லை என்றால் வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். அப்புறமும் வரவில்லை என்றால், ‘முக்கியமான ஏதோ ஒன்று இல்லை, இதற்கு மேல் போனால் ஆபத்து’ என்று முடிவுசெய்து எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். திரையில் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும்.

இங்கேதான் சிக்கல். அந்த நிலையில் எஸ்எஸ்எச் சேவை இன்னும் தொடங்கியிருக்காது. தூரத்திலிருந்து உள்ளே போக வழியில்லை. ஒரு ஆள் நேரில் போய், மானிட்டரும் கீபோர்டும் செருகி, பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். பாளையங்கோட்டை சர்வரைச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பார்த்துக்கொள்பவர்களுக்கு, சாலையில் தண்ணீர் ஓடும் நாளில் இது சாத்தியமே இல்லை.

லினக்ஸின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காணாமல் போனது பழைய பேக்கப் டிஸ்க்கா, டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க்கா என்று அதற்குத் தெரியாது. டேட்டாபேஸ் டிஸ்க் இல்லாமலேயே எழும்பி, காலி ஃபோல்டரில் புதுக் கணக்கு எழுத ஆரம்பித்தால் அது இதைவிடப் பெரிய கூத்து. அதனால் ஆள் வரட்டும் என்று நிற்கிறது.

முதலில் பார், பிறகு கை வை

எடுத்தவுடன் எதையும் அழிக்காதீர்கள். முதலில் மூன்று கட்டளைகள், மூன்றுமே பார்ப்பதற்கு மட்டும். ‘எல்எஸ்பிஎல்கே’ இப்போது உண்மையில் இருக்கும் டிஸ்க்குகளைக் காட்டும். ‘பிஎல்கேஐடி’ ஒவ்வொன்றின் யூயூஐடி எண்ணைக் காட்டும். யூயூஐடி என்பது ஃபைல் சிஸ்டத்தின் ஆதார் எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையை ‘வெரிஃபை’ என்ற சேர்க்கையோடு கொடுத்தால், எஃப்எஸ்டேப் கோப்பைப் படித்து ‘இந்த வரியில் சொன்ன டிஸ்க் இங்கே இல்லை’ என்று அதுவே சொல்லிவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமலே தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஆனாலும் ஏனோ பலருக்கு இது தெரிவதே இல்லை.

செத்த வரி எது என்று தெரிந்ததும், எஃப்எஸ்டேப் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி போடுங்கள். உடனே அழிக்க வேண்டாம். ஹேஷ் போட்டாலே சிஸ்டம் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. தப்பு செய்திருந்தால் திரும்ப எடுத்துவிடவும் முடியும். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன் ரீலோட்’ கொடுக்க வேண்டும். இதை மறந்தால் சிஸ்டம்டி பழைய பட்டியலையே மனதில் வைத்திருக்கும். கடைசியாக ‘மவுண்ட்’ கட்டளையை ‘மைனஸ் ஏ’ சேர்த்து ஓட்டினால், மிச்சம் உள்ள வரிகள் எல்லாம் சரிதானா என்று தெரிந்துவிடும்.

ஸ்வாப் பகுதி அந்தப் பழைய டிஸ்க்கில் இருந்ததா? டெபியன், உபுண்டுவில் அதற்கு இன்னொரு பதிவும் இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பின் ‘ரெஸ்யூம்’ என்ற கோப்பில் பழைய ஸ்வாப்பின் எண் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு முறை சர்வர் எழும்பும்போதும் அரை நிமிடம் போல அதைத் தேடிவிட்டுத்தான் நகரும். சர்வர் நிற்காது, மெதுவாகும். அதனால் வருஷக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தக் கோப்பைத் திருத்தி ‘அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்’ கொடுத்தால் போதும்.

‘நோஃபெயில்’: மருந்து நல்லதுதான், ஆனால்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான்: எஃப்எஸ்டேப் வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்துவிடுங்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்பிவிடும். உண்மைதான். கிளவுடில் கூடுதல் டிஸ்க் இணைக்கும்போது அமேசானே இதைத்தான் பரிந்துரைக்கிறது. யுஎஸ்பி டிஸ்க், பேக்கப் டிஸ்க் போன்றவற்றுக்கு நானும் இதையே சொல்வேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நம்முடைய ஆடிட்டர் ஆபீஸையே எடுத்துக்கொள்வோம். தினமும் இரவு 11 மணிக்கு ‘பேக்கப்’ என்ற ஃபோல்டருக்குள் நகல் எடுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. நோஃபெயில் இருப்பதால் டிஸ்க் இல்லாமலேயே சர்வர் எழும்பிவிட்டது. ஃபோல்டர் அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் டிஸ்க் இல்லை. ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? பாவம், அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். எழுதுவதெல்லாம் சர்வரின் மெயின் டிஸ்க்கிலேயே விழும். சில நாட்களில் மெயின் டிஸ்க் நிரம்பி சர்வரே முடங்கும். அதைவிட மோசம், பேக்கப் இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். அசலும் நகலும் ஒரே டிஸ்க்கில் கிடக்கும்.

இதற்குத் தடுப்பு இரண்டு. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால், இந்த ஃபோல்டரில் உண்மையிலேயே டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இரண்டாவது, டிஸ்க் இணையாதபோது அந்தக் காலி ஃபோல்டருக்கு ‘சிஹெச்ஆட்ர்’ கட்டளையால் மாற்ற முடியாத பூட்டு போட்டுவிடலாம். அப்புறம் ரூட் யூசரே நினைத்தாலும் அதற்குள் எழுத முடியாது. டிஸ்க் வந்து இணைந்ததும் வழக்கம்போல எழுதலாம். இந்த இரண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை செய்தால் போதும், மறந்துவிடலாம்.

எல்விஎம்: ‘ஃபோர்ஸ்’ போடும் முன் கேபிளைப் பாருங்கள்

எல்விஎம் உள்ள சர்வரில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ‘பிவிஎஸ்’ என்று அடித்தால், காணாமல் போன டிஸ்க்கின் இடத்தில் ‘அன்னோன்’ என்று காட்டும். அதை நீக்குவதற்கு ‘விஜிரெட்யூஸ்’ கட்டளையில் ‘ரிமூவ் மிஸ்ஸிங்’ என்று ஒரு வசதி உண்டு. காணாமல் போன டிஸ்க்கில் எந்தத் தகவலும் இல்லை என்றால் சத்தமில்லாமல் பெயரை நீக்கிவிடும். தகவல் ஏதாவது இருந்தால் முடியாது என்று மறுக்கும்.

மறுத்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், ‘ஃபோர்ஸ்’ என்று சேர்த்து மறுபடி அடிப்பது. அது என்ன செய்யும் தெரியுமா? காணாமல் போன டிஸ்க்கில் ஒரு சின்னப் பகுதி இருந்தால்கூட, அந்த வால்யூம் முழுவதையுமே கணக்கிலிருந்து எடுத்துவிடும். நல்ல டிஸ்க்கில் இருக்கும் மீதிப் பகுதியும் சேர்ந்து போய்விடும்.

வெள்ளத்துக்குப் பிறகு சர்வரை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், டிஸ்க் செத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேபிள் லூசாக இருக்கலாம். மூடியைத் திறந்து, கேபிளை எடுத்துச் செருகிப் பாருங்கள். டிஸ்க் திரும்ப வந்துவிட்டால், ‘விஜிஎக்ஸ்டெண்ட்’ கட்டளையின் ‘ரீஸ்டோர் மிஸ்ஸிங்’ அதை மறுபடி குடும்பத்தில் சேர்த்துவிடும். அந்த ஐந்து நிமிடப் பொறுமை மூன்று வருடக் கணக்கைக் காப்பாற்றலாம். எதற்கும் முன்னதாக ‘டெஸ்ட்’ என்ற சேர்க்கையோடு ஓட்டினால், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும்.

ரெட்ஹாட் 9, அதன் வழிவந்த ஆல்மா, ராக்கி லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. அதில் எல்விஎம் எந்தெந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று ‘சிஸ்டம் டிவைசஸ்’ என்ற கோப்பில் பட்டியல் வைத்திருக்கும். பழைய டிஸ்க்கின் பெயர் அதில் இருந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ‘எல்விஎம்டிவைசஸ்’ கட்டளையால் அந்தப் பெயரை எடுத்துவிடலாம். இதனால் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

மேலிருந்து கீழே

டிஸ்க் இன்னும் சர்வரிலேயே இருக்கிறது, இனிமேல்தான் கழற்றப் போகிறீர்கள் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சரியான வரிசையில் செய்தால் பழைய பதிவு என்ற பேச்சே வராது. அணைக்கட்டில் மடையை அடைத்த பிறகுதானே வாய்க்காலைத் தூர்வாருவோம்? இங்கேயும் தண்ணீரை முதலில் நிறுத்த வேண்டும். அந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் புரோகிராம்களை நிறுத்துங்கள். அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்டேப் வரியை எடுங்கள். எல்விஎம் இருந்தால் ‘பிவிமூவ்’ மூலம் தகவலை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, ‘விஜிரெட்யூஸ்’, ‘பிவிரிமூவ்’ என்று போங்கள். ரெய்டு இருந்தால் ‘எம்டிஆட்ம்’ கட்டளையில் அந்த உறுப்பை முதலில் ‘ஃபெயில்’, பிறகு ‘ரிமூவ்’. ஏற்கெனவே உருவி எடுத்த டிஸ்க்கின் பெயர் ரெய்டில் தொங்கிக்கொண்டிருந்தால், ‘ரிமூவ் டிட்டாச்ட்’ என்றாலே புரிந்துகொள்ளும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கெர்னலிடம் போக வேண்டும். சிஸ் டைரக்டரிக்குள் அந்த டிஸ்க்குக்கான இடத்தில் ‘டெலீட்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதினால் கெர்னல் அந்த டிஸ்க்கை மறந்துவிடும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டிஸ்க்கில் உள்ள தகவல் அழியாது. கெர்னலின் நினைவிலிருந்து மட்டுமே போகும். ஆனால் அன்மவுண்ட் செய்யாமல் இதைச் செய்தால் ஓடும் வண்டியில் சக்கரத்தைக் கழற்றிய கதைதான்.

பெரிய நிறுவனங்களில் சான் ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான்: சர்வர் பக்கம் முதலில், ஸ்டோரேஜ் பக்கம் அப்புறம். ஸ்டோரேஜ் டீம் அவசரப்பட்டு முன்னால் எடுத்துவிட்டால், சர்வரில் பேய்ப் பாதைகள் மட்டும் மிஞ்சி எரர் கொட்டும். என்எஃப்எஸ் மூலம் இணைத்த பழைய நாஸ் பெட்டியை அணைத்துவிட்டாலும் கிட்டத்தட்ட இதேதான். ‘டிஎஃப்’ என்று அடித்தால் பதிலே வராமல் நிற்கும், ஏனென்றால் என்எஃப்எஸ் இயல்பிலேயே விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

எந்த மெஷினில் இருக்கிறேன்?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் ஒரு இன்ஜினியர், பழுதான துணை டேட்டாபேஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிப்பதாக நினைத்துக்கொண்டு, மெயின் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் ஒன்றன்பின் ஒன்றாக எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தகவலை அவர்கள் நிரந்தரமாக இழந்தார்கள். நடந்ததை மறைக்காமல் முழுவதுமாக எழுதி வெளியிட்டது கிட்லேப்பின் பெருந்தன்மை.

நம்மிடமும் அதே பொறி இருக்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று கெர்னல் வைக்கும் பெயர்கள் நிரந்தரம் அல்ல. இன்றைக்கு எஸ்டிபி என்று இருக்கும் டிஸ்க், நடுவில் ஒன்றைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்தால் எஸ்டிஏ ஆகலாம். ஆறு மாதத்துக்கு முன்பு நோட்டில் ‘பழைய டிஸ்க், எஸ்டிசி’ என்று எழுதிவைத்ததை நம்பி இன்றைக்கு எதையும் அழிக்கக் கூடாது. ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையில் சீரியல் எண்ணையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். அந்த எண்தான் டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளிலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கை வையுங்கள். எஃப்எஸ்டேப்பிலும் எஸ்டிபி என்று எழுதாமல் யூயூஐடி எழுதுங்கள்.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது? ‘வைப்எஃப்எஸ்’ போட்டேன், காலியாகிவிட்டது என்று நினைத்து பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அது அழிப்பது அடையாளக் குறிகளை மட்டுமே. வாடிக்கையாளரின் பான் எண்ணும் பேங்க் ஸ்டேட்மெண்டும் உள்ளே அப்படியேதான் இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ‘ஷ்ரெட்’ மாதிரி மேலெழுதும் கட்டளை வேண்டும். எஸ்எஸ்டிக்கு அது போதாது, அந்தந்த டிஸ்க்கில் உள்ள செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இது நம்ம ஊர் விஷயமா?

ஆமாம். கங்கைகொண்டானில் எல்காட் ஐடி வளாகம் இருக்கிறது. சிற்றாறு ஓடும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ இயங்குகிறது. அதே 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது; லினக்ஸை முதன்முதலில் அதில் பார்த்தவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள். ஊரில் வீட்டிலிருந்தபடி வேலை பார்ப்பவர்களும், வெளியூரிலிருந்து ஊர்க் கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் முடிந்த பிறகு, சர்வர் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு நீங்களே ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். 90 விநாடி எண்ணும் கணக்கு திரையில் ஓடுகிறதா என்று அவர் பார்க்கட்டும். எழும்பியதும் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் அன்றைய எரர்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்படியே அந்த மானிட்டரும் கீபோர்டும் எந்த அலமாரியில் இருக்கின்றன, ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.